பயனாளி மறுத்தார்

லகோவா வேல்யா நகரச் சந்தையில் சாவி வெட்டும் மரினால்வாவுக்கு வயது அறுபத்து மூன்று. இரண்டு கண்களிலும் புரை. இடது கண்ணில் கஞ்சி ஊற்றியதுபோல ஒரு மூட்டம். வலது கண் பரவாயில்லை. பேருந்து வருவது தெரியும், எந்த ஊருக்குப் போகிற பேருந்து என்பது தெரியாது. சாவியின் பற்களைக் கட்டைவிரல் நகத்தால் தடவிப் பார்த்துத்தான் வெட்டினாள். முப்பத்தோரு வருடக் கைப்பழக்கம் என்பதால் பத்தில் எட்டுச் சாவி பூட்டைத் திறந்தது. இரண்டு திரும்பி வந்தன. போன வருடம் ஒன்றுதான் திரும்பி வந்தது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அறுவை சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்து ஒரு வருடம் ஏழு மாதம் ஆகியிருந்தது. சுகாதார நிலையத்தில் முத்திரை குத்தும் ரோசிவானியா, 'அம்மா'வுக்கு அந்த ஊர் வழக்கான 'தோனா'வைப் போட்டு, அன்றைக்கே எச்சரித்து அனுப்பினாள்.

"தோனா மரினால்வா, நல்லாக் கேட்டுக்குங்க. ஆபரேஷனுக்குத் தேதி குடுக்கற மையத்துலேர்ந்து போன் பண்ணுவாங்க. எந்த நம்பர்லேர்ந்து வரும்னு எனக்கே தெரியாது. மூணு தடவை கூப்பிட்டு நீங்க எடுக்கலன்னா உங்க பேரு வரிசையில கடைசிக்குப் போயிரும்."

"எப்ப கூப்பிடுவாங்க?"

"அது தெரிஞ்சிருந்தா என் முழங்கால் ஆபரேஷனுக்குக் காத்துக்கிட்டு நான் இங்க உக்காந்திருப்பேனா?"

அந்த ஊரில் தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் அந்தப் பக்கம் ஒரு விற்பனைக் குரல்தான் இருக்கும் என்பது பால்குடி மறந்த குழந்தைக்கும் தெரியும். எடுப்பவர்கள் இரண்டே வகை: புதிதாகக் காதலில் விழுந்தவர்கள், அரசு மருத்துவமனை வரிசையில் நிற்பவர்கள். காதல் ஆறு மாதத்தில் தெளிந்துவிடும். ஆகவே நாட்டின் விற்பனைத் தொழில் முழுவதும் கண்புரைக்காரர்கள், குடலிறக்கக்காரர்கள், முழங்கால்காரர்கள் இவர்களின் பொறுமையை நம்பியே நடந்தது.

மரினால்வா எல்லா அழைப்பையும் எடுத்தாள். சாதாரண நாளில் இருபது, மாதத் தொடக்கத்தில் நாற்பது. சில அழைப்புகள் மூன்று நொடியில் தானாக அறுந்துவிடும். இவள் உயிரோடு இருக்கிறாளா என்று இயந்திரம் நாடி பிடித்துப் பார்க்கிறது என்று பக்கத்துக் கடை செனோபியோ விளக்கினான். சிலவற்றில் பதிவு செய்த ஒரு பெண் சிரித்தபடி பேசுவாள். நாம் நடுவில் பேசினால் அவளும் சேர்ந்து பேசுவாள். இன்னும் சிலர் ஜைல்சனைத் தேடினார்கள். இந்த எண் முன்பு ஜைல்சன் என்பவனிடம் இருந்ததாம். அவன் எந்தக் காலத்திலோ விட்டுப்போன இணைய இணைப்பை மீண்டும் வாங்கவைக்க நான்கு பேர் முறைவைத்துக் கூப்பிட்டார்கள். நேரில் பார்த்திராத அந்த மனிதனுக்குக் கால்பந்து சேனல் பிடிக்கும் என்பதும், அவன் மனைவி பெயர் கிளேசியா என்பதும் மரினால்வாவுக்குத் தெரிந்துபோயிற்று.

சாவுச் செலவுக்கு முன்கூட்டியே மாதச் சந்தா வாங்கும் ஈமச்சடங்குத் திட்டக்காரர்கள்தான் எல்லோரிலும் அன்பானவர்கள்.

"தோனா மரினால்வா, உங்களை மாதிரி சிறப்பான வாடிக்கையாளருக்கு மட்டும் இந்த மாசம் பெட்டி, பூ, வண்டி, காப்பி, பிஸ்கட் எல்லாம் சேர்த்து..."

"மகளே, ஒரு வரிசையில நின்னே என் கால் கடுக்குது. அதுக்கடுத்த வரிசைக்கு இப்பவே டோக்கன் குடுக்கறியா?"

"இப்பவே சேர்ந்தா காத்திருக்க வேண்டியதே இல்லைங்க!"

"அத மட்டும் நம்பறேன்."

செனோபியோ போன் ரிப்பேர் செய்பவன். அவள் கடைக்கும் அவன் கடைக்கும் நடுவே ஒரு தகரம்தான். அவள் எண்ணை அழைப்பு மறுப்போர் பட்டியலில் அவனே பதிவு செய்துகொடுத்தான். முப்பது நாளில் நடைமுறைக்கு வரும் என்றார்கள், வரவும் செய்தது. அந்தப் பட்டியல் தொலைபேசி நிறுவனங்களையும், ஓய்வூதியக்காரர்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கிகளையும் மட்டுமே கட்டுப்படுத்தும் என்பது முப்பத்தொன்றாம் நாள் தெரிந்தது. ஜைல்சனைத் தேடியவர்கள் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். சவப்பெட்டி, தண்ணீர் வடிகட்டி, பொய்ப்பல், தோல் சுருக்கம் போக்கும் மருந்து விற்பவர்கள் அந்த இடத்தை நிரப்பினார்கள்.

"பட்டியல்ல சேர்ந்ததுக்கு அப்புறம்தான்டா ஜாஸ்தி வருது" என்றாள்.

"பின்ன? வீட்ல ஆள் இருக்குன்னு கதவுல எழுதி ஒட்டினா தட்டாம போவானா?" என்றான் செனோபியோ.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப் புத்தகம் ஒன்று எல்லாக் கடையிலும் கண்ணில் படும்படி இருக்கவேண்டும், இல்லையென்றால் அபராதம். யாராவது அதைப் படிக்கவேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. மரினால்வாவின் புத்தகம் பதினோரு வருடமாகச் சாவி இயந்திரத்தின் ஆட்டத்தை நிறுத்த அதன் காலுக்கடியில் கிடந்தது. ஒரு மழைநாளில், வியாபாரம் இல்லாத மத்தியானத்தில், அவள் அதை உருவி எடுத்து எண்ணெய்க் கறையைத் துடைத்து செனோபியோவிடம் நீட்டினாள்.

"படி."

"எதுலேர்ந்து?"

"மொதல்லேர்ந்து. எனக்குக் கண்ணு இருந்தா உன்னக் கேப்பேனா?"

நான்கு மத்தியானங்கள் படித்தான். அவள் ஒரு சாவியைப் போலவே சட்டத்தையும் தடவிப் பார்த்தாள். எங்கே பல் இருக்கிறது, எங்கே மொண்ணை என்று. முப்பத்தொன்பதாம் பிரிவு: கேட்காமல் அனுப்பிய பொருள் இலவச மாதிரிக்குச் சமம், காசு கேட்க முடியாது. நாற்பத்து மூன்றாம் பிரிவு: என் பெயர் உன் கையில் எப்படி வந்தது என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. நாற்பத்தொன்பதாம் பிரிவு: போனில் வாங்கியதை ஏழு நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. இந்த மூன்றுக்கும் பல் இருந்தது.

அதிலிருந்து நான்கு கேள்விகள் செய்துகொண்டாள். உன் முழுப்பெயர் என்ன? நிறுவனத்தின் பெயரும் பதிவு எண்ணும் என்ன? என் எண்ணை எங்கிருந்து எடுத்தாய்? இந்த அழைப்பின் பதிவுக் குறி என்ன? பதில்களைச் சாவி வந்த அட்டைப்பெட்டிகளின் பின்புறத்தில் தடித்த பேனாவால், தனக்கே தெரியும்படி முட்டை முட்டையாக எழுதினாள்.

விளைவு உடனே தெரிந்தது. இரண்டாம் கேள்வியில் பாதிப் பேர் வைத்துவிட்டார்கள். மூன்றாம் கேள்வியைத் தாண்டியவர்கள் அபூர்வம். தண்ணீர் வடிகட்டி விற்ற ஒரு பையன், "தோனா, நானும் உங்களை மாதிரிதான், எனக்கும் தெரியாது, அவங்க லிஸ்ட் குடுக்கறாங்க" என்று அழாக்குறையாகச் சொன்னான். அவனுக்கு மட்டும் அவள் பதிவுக் குறி கேட்கவில்லை.

சந்தையில் செய்தி பரவியது. கருவாட்டுக்கார லியோனிசே மணியடிக்கும் போனோடு ஓடி வருவாள்: "தோனா மரி, இதை நீங்க பேசுங்க!" கீரைக்காரர், செருப்புக்காரர், பேருந்து டிக்கெட் கொடுப்பவர் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். கூலி வாங்கமாட்டாள், அவித்த வேர்க்கடலை ஒரு குவளை வைத்தால் மறுக்கவும் மாட்டாள். நாளடைவில் கேள்விகளுக்கு முன்னே சிறு இடைவெளி விடவும், நாற்பத்து மூன்று என்ற எண்ணைக் கொஞ்சம் இழுத்துச் சொல்லவும் கற்றுக்கொண்டாள். கேட்க நான்கைந்து பேர் நின்றால் குரல் தானாகவே உயர்ந்தது. சாவியில் தேய்ந்துகொண்டிருந்த பெயர் போனில் வளர்ந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மணி அடித்தபோது கடைமுன் ஐந்து பேர் இருந்தார்கள்.

"வணக்கம். மரினால்வா தோஸ் பாசோஸ் அவங்களா? உங்க பிறந்த தேதியும் அம்மாவோட முழுப்பேரும் சொல்ல முடியுமா?"

வங்கி கேட்பதும் அதுதான், திருடன் கேட்பதும் அதுதான். மரினால்வா கூட்டத்தைப் பார்த்துப் புருவத்தை ஏற்றினாள்.

"என் அம்மா பேரு இருக்கட்டும். உன் பேரு என்ன மகளே?"

"தைஸ்லேன். நான் ஒழுங்கமைப்பு மையத்துலேர்ந்து பேசறேங்க. கண் பரிசோதனைக்கு..."

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். பேருந்து நிலையத்தைச் சுற்றியிருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைகள் எல்லாம் ஆளை வைத்து, கையைப் பிடித்து இழுத்து, இலவசக் கண் பரிசோதனை செய்பவைதான். பரிசோதனை இலவசம், வெளியே வரும்போது முகத்தில் கண்ணாடி இருக்கும்.

"மையமா? மையத்தோட பதிவு எண் என்ன?"

"அப்படி நம்பர் எதுவும் எங்ககிட்ட இல்லைங்க. நான் உங்க தேதியை மட்டும்..."

"இல்ல. எழுதிக்கிறேன், இல்ல. என் நம்பர் உனக்கு எங்கேர்ந்து கெடச்சுது? நாற்பத்து மூ... ணாம் பிரிவு, மகளே."

"கம்ப்யூட்டர்ல இருக்குங்க. தோனா, எனக்கு இன்னும் அறுபது பேரைக் கூப்பிடணும். நீங்க வரீங்களா, இல்ல மறுக்கிறீங்களா?"

இப்படி ஒரு வாய்ப்பை இதுவரை எந்த விற்பனைக்காரியும் தட்டில் வைத்து நீட்டியதில்லை.

"மறுக்கிறேன்! முழு மனசோட, காரணம் சொல்லாம மறுக்கிறேன். பதிவுக் குறி குடு!"

தைஸ்லேன் பெருமூச்சுவிட்டு ஒரு நீண்ட எண்ணைச் சொன்னாள். பன்னிரண்டு இலக்கம். மரினால்வா எழுதிக்கொண்டாள். ஐந்து பேரும் கைதட்டினார்கள். லியோனிசே விசில் அடித்தாள்.

தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து செனோபியோ தலையை நீட்டினான். "பதிவுக் குறி குடுத்தாளா? இதுவரைக்கும் யாருமே குடுத்ததில்லையே."

"பயந்துட்டா."

"என்ன விக்க வந்தாளாம்?"

"கண் பரிசோத..." என்றாள் மரினால்வா. சொல் முடியவில்லை. கையிலிருந்த வேர்க்கடலைக் குவளையை மெல்ல மேசைமேல் வைத்தாள்.

அழைப்பு வந்த எண்ணுக்குத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். இந்த எண் அழைப்புகளை ஏற்பதில்லை என்றது பதிவுக் குரல். கைதட்டியவர்களுக்குத் திடீரென்று எல்லோருக்கும் வேலை வந்துவிட்டது.

சுகாதார நிலையத்தில் ரோசிவானியா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு படித்தாள். "பயனாளி மறுத்தார்."

"நான் மறுக்கல!"

"மறுத்தார்னுதான் இருக்கு. காரணம்ங்கிற எடத்துல, 'காரணம் சொல்ல மறுத்தார்.' மாதாவே, தோனா மரினால்வா, என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"கண்ணாடிக் கடைன்னு நெனச்சேன். ஏழு நாளுக்குள்ள மனச மாத்திக்கலாம். நாற்பத்தொன்பதாம் பிரிவு."

"அது நுகர்வோருக்கு. நீங்க நுகர்வோர் இல்ல, பயனாளி. நீங்க எதுவும் வாங்கலையே."

"அப்ப எனக்கு என்ன உரிமை இருக்கு?"

"மறுபடி டாக்டரைப் பார்த்து மறுபடி எழுதி வாங்கற உரிமை இருக்கு. வரிசை இப்ப ரெண்டு வருஷம்."

இரண்டு வருடம். மரினால்வா மனதுக்குள் பத்துச் சாவிகளை வரிசையாக வைத்து, எத்தனை திரும்பி வரும் என்று பார்த்தாள். வலது கண்ணும் மூடினால் ஒரு சாவியும் வெட்டமுடியாது. அன்று மாலை வரை வந்த அழைப்புகளை எல்லாம் எடுத்தாள். ஒருவரிடமும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சவப்பெட்டிக்காரி தன் உரையை முழுதும் சொல்லி முடித்து, அந்தப் பக்கம் நிலவிய மௌனத்தால் பயந்து, "தோனா, உங்களுக்கு உடம்பு சரிதானே?" என்று கேட்டாள்.

மறுநாள் அவள் வேறு ஒரு எண்ணைத் தேடிப் பிடித்தாள்: மருத்துவமனைக் குறைகேட்பு அலுவலகம். எட்டு முறை ஒன்று, இரண்டு, ஐந்து என்று அழுத்திய பிறகு எவெரால்டோ என்கிற மனிதர் கிடைத்தார். குறையைப் பதிந்துகொண்டார், முப்பது நாளில் பதில் வரும், பதிலுக்கு எதிராக முறையிட வேண்டுமானால் இன்னொரு முப்பது நாள் என்றார். நல்ல மனிதர். சட்டத்தில் இருந்ததை இருந்தபடி சொன்னார்.

உரிமைகளை ஓரமாக வைத்துவிட்டு, தன்னிடம் வேறு என்ன சரக்கு இருக்கிறது என்று மரினால்வா யோசித்தாள். ஒரு வருடம் ஏழு மாதமாக, தினம் இருபது முறை, அந்தத் தொழிலின் தேர்ந்த ஆட்கள் அவளுக்கு இலவசமாகப் பாடம் எடுத்திருந்தார்கள். அவர்கள் ஒருநாளும் கோபப்படுவதில்லை, நேற்று நடந்ததை இன்று நினைவில் வைத்திருப்பதில்லை. ஆள் சாப்பிட உட்காரும் நேரத்தில் கூப்பிடுவார்கள். "இல்லை" என்பது அவர்கள் காதுக்கு ஒரு பதிலாகவே கேட்பதில்லை.

சரியாகப் பன்னிரண்டு பத்துக்குக் கூப்பிட்டாள்.

"வணக்கம் சேவு எவெரால்டோ! மரினால்வா பேசறேன். இன்னிக்கு எப்படி இருக்கீங்க?"

"தோனா மரினால்வா, நேத்துதானே சொன்னேன், முப்பது நாள்..."

"புரியுதுங்க. முழுக்கப் புரியுது. உங்க நேரத்துல ஒரே ஒரு நிமிஷம். என்கிட்ட உங்களுக்காகவே ஒரு சிறப்பான கண்புரை இருக்கு."

மறுநாளும் பன்னிரண்டு பத்து. ஆறாம் நாள் அவர் அவள் எண்ணைத் தடுத்துவிட்டார். ஏழாம் நாள் வேறு எண்ணிலிருந்து மணி அடித்தது.

"இது யாரு நம்பர்?"

"கருவாட்டுக்காரி லியோனிசேவோடது. சாப்பிட்டாச்சா? சோளமாவு குஸ்குஸா?"

கைதட்டியவர்களுக்குக் குற்ற உணர்ச்சி இருந்தது. போன் கொடுக்க வரிசையில் நின்றார்கள். கீரைக்காரர் எண், செருப்புக்காரர் எண், டிக்கெட்காரர் எண். எவெரால்டோவால் எதையும் எடுக்காமல் விடமுடியாது. யார் கூப்பிட்டாலும் எடுத்துப் பேசுவதுதான் அவருடைய உத்தியோகம். நாட்டில் மரினால்வாவைப் போலவே மாட்டிக்கொண்ட இன்னொரு ஆள் அவர்தான்.

பதினான்காம் நாள் அவரை மீறிக்கொண்டு வந்தது: "தோனா, எனக்கு ஆர்வம் இல்லைங்க!"

"ஆர்வம் இல்லாததுக்கான காரணம் என்னன்னு தெரிஞ்சுக்கலாமா? எங்க சேவையை மேம்படுத்தத்தான்."

அந்தப் பக்கம் மனிதர் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும், "தாயே, என்னதான் நடந்துச்சு? மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார். அதுவரை அவர் குறையைப் பதிந்திருந்தாரே தவிர, கேட்டிருக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடைகளைப் பற்றி அவள் சொன்னபோது, "என் மாமியாரும் அப்படித்தான் மூணு கண்ணாடி வச்சிருக்காங்க" என்றார்.

பத்தொன்பதாம் நாள் அவரே கூப்பிட்டார்.

"தோனா மரினால்வா, வியாழக்கிழமை காலையில ஆறரை மணி. இடது கண்ணு. பரிசோதனையும் ஆபரேஷனும் அன்னிக்கே. வெறும் வயிறு. கூட ஒரு ஆள் வரணும்."

அவள் அதை அட்டையில் எழுதிக்கொண்டாள். "எப்படிங்க கெடச்சுது?"

"உங்க மறுப்பை ரத்து பண்ண வச்சேன். ஒரு எடம் காலியாச்சு. ஒருத்தர் மூணு தடவை கூப்பிட்டும் எடுக்கல."

"எவ்வளவு நாளா காத்திருந்தவரு?"

"ரெண்டு வருஷம் ஒரு மாசம்."

"எப்ப கூப்பிட்டாங்க?"

கணினி விசைகள் தட்டும் ஓசை கேட்டது. "நேத்து. ஒம்பது மணி, ஒம்பது பத்து, ஒம்பது இருபது."

"மனுஷன் கக்கூசுக்குப் போயிருப்பாருங்க! இல்ல, எவனோ பல்லு விக்கிறான்னு விட்டிருப்பாரு."

"இருக்கலாம். தோனா, உங்களுக்கு வேணுமா, வேண்டாமா? வேண்டாம்னா மறுத்தார்னு நான் எழுதணும்."

மரினால்வா நல்லவள்தான், ஆனால் அந்த வார்த்தையை இரண்டாம் முறை கேட்கும் அளவுக்கு நல்லவள் இல்லை.

"வேணும்" என்றாள். "என் அம்மா பேரு ஜோவெலினா. வேற ஏதாவது வேணுமா? எல்லாம் சொல்றேன்."

வியாழக்கிழமை செனோபியோ கடையைச் சாத்திவிட்டு உடன் போனான். இருபது நிமிட வேலை. மறுநாள் கட்டை அவிழ்த்ததும், இத்தனை நாளாகச் சாம்பலாக இருந்த பித்தளைச் சாவிகள் மஞ்சளாகத் தொங்கின. செனோபியோவை வெகுநேரம் பார்த்தாள்.

"என்ன?" என்றான் அவன்.

"ஒண்ணுமில்ல. குரல்ல இவ்வளவு வயசு தெரியலடா."

வலது கண்ணுக்குத் தனி வரிசை. அதற்கும் தனியாகக் கூப்பிடுவார்கள். ஆகவே அழைப்புகளை எடுப்பது நிற்கவில்லை. இப்போது எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி சேர்ந்தது: "கண்ணு சம்பந்தமாவா?" இல்லை என்றால்தான் மற்ற நான்கும்.

ஒரு வாரம் உலோகத் தூள் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், திங்கட்கிழமை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செனோபியோவின் கடையில் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு பத்துக்கு அவன் போனை எடுத்தாள்.

"வணக்கம் சேவு எவெரால்டோ! இன்னிக்கு எப்படி இருக்கீங்க?"

"தோனா மரினால்வாவா? உங்களுக்குத்தான் முடிஞ்சுதே!"

"எனக்கு இல்லைங்க. அந்த மூணு தடவை எடுக்காத மனுஷருக்கு."

"அவரு பேரு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. நீங்க சொல்லவும் கூடாது, சட்டம். நான் கேக்கல. நாலாவது தடவை ஒண்ணு கூப்பிடுங்க."

"விதியில மூணுதாங்க இருக்கு."

"மூணு கூப்பிடணும்னு இருக்கா, மூணுக்கு மேல கூப்பிடக்கூடாதுன்னு இருக்கா?"

தாள்கள் புரளும் ஓசை கேட்டது. முன்பின்னாகப் புரண்டது. ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ யாரையோ ஏதோ கேட்டார்கள். மரினால்வா காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்கு இப்போது கைவந்த வேலை.

"கூடாதுன்னு எங்கயும் எழுதலதான்" என்றார் எவெரால்டோ கடைசியில், தனக்குத்தானே சொல்வதுபோல.

"அப்பக் கூப்பிடுங்க. மத்தியானத்துல கூப்பிடுங்க, வீட்ல சாப்பிட உக்காந்திருப்பாரு. எடுத்ததும் மொதல்ல மருத்துவமனைன்னு சொல்லுங்க. அம்மா பேரைக் கேக்காதீங்க."

"தோனா, எனக்கு சாப்பாட்டு நேரம்."

"தெரியுங்க," என்றாள் மரினால்வா. "நான் லைன்லயே இருக்கேன்."